நனையாத மா

சிவமயம்

துன்
18.11.2024

அன்பு மச்சாள் சுலோஜனாவுக்கு,

நான் நலம். உம்முடைய நலத்துக்கும் பிள்ளை கீர்த்தனனுடைய நலத்துக்கும் நாள்தோறும் அம்மனை மன்றாடுகிறேன். உம்முடைய முழங்கால் எப்படி? குளிர் இறுக முன்னமே கம்பளிக் காலுறை போடத் தொடங்கும். போன வருசமும் சொன்னேன், நீர் கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்தவுடன் கேக்கை வெளியே எடுத்து வையும். ரவைக் கேக். கஜுவை நானே இடித்துப் போட்டேன். கடையில் இடித்து விற்பதில் எண்ணெய் செத்துப் போயிருக்கும். மாலை நான்கு மணிக்கு, தேத்தண்ணிக்குப் பால் கொஞ்சம் கூடவிட்டு, ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பாரும். நான் அந்த நேரம் யன்னலோரம் இருந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் செய்வேன். சுவிஸ் ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருசம் வெள்ளைக்காரருக்குச் சுட்டுக் கொடுத்த கை, இப்போது உமக்கும் எனக்கும் மட்டும் சுடுகிறது.

தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு போன குரல் திரும்பி வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. போனில் தமிழ் தட்ட விரல் வளையாது. ஆகையால் உம்மோடு கதைக்கக் கடிதம்தான் வழி. போன வருசம் கேக் பெட்டி வெறுமனே திரும்பி வந்தது. ஒரு வரிகூட இல்லை. தம்பி குகதாசன் படுக்கையில் இருந்த நேரம், உமக்கு எழுத மனம் வந்திராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு விசயம். பேர்ன் பூம்ப்ளிசில் இருக்கிற சரணியா என்ற பிள்ளை, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் நாங்கள் என்ன சமைத்தோம், எதைக் குடித்தோம் என்று ஒரு புத்தகம் போடுகிறாள். இங்கே பிறந்த பிள்ளைகள் வாசிக்க, தமிழிலும் ஜேர்மனிலும். என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறாள். எனக்கு அளவுகள் மறந்துபோயின. உமக்குத்தான் ஞாபகம் கெட்டி. மணல் தாச்சியில் கேக் சுட்டோமே, அதற்கு எத்தனை சுண்டு ரவை? கூப்பனுக்கு எவ்வளவு சீனி தந்தார்கள்? எழுதும்.

கீர்த்தனனுடைய கலியாணக் கேக் என் பொறுப்பு. அதை வேறு ஒருவரும் நினைக்கவே கூடாது.

உம்முடைய நலம் நாடும்
ஜெயமலர்

*

எம்மன்புரூக்கே
15.12.2024

மச்சாளுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் சுகம். உங்கள் தொண்டைக்குச் சுகம் கிடைக்கட்டும்.

பெட்டி போன மாதம் இருபதாம் திகதி வந்தது. கேக்கைக் கீர்த்தனன் வேலையிடத்துக்குக் கொண்டுபோனான். எல்லோருக்கும் பிடித்ததாம். பெட்டியைக் கழுவி இத்துடன் அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்ட அளவுகள்: ரவை இரண்டு சுண்டு. சீனி ஒரு சுண்டு. முட்டை நான்கு. மாஜரின் கிடைக்காததால் தேங்காயெண்ணெய். அப்பச்சோடா ஒரு நுள்ளு. தாச்சியில் மணல் போட்டுச் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கி, மேலே தகரம் மூடி, தகரத்தின்மேல் தணல். தணல் கூடினால் மேற்புறம் கருகும், உள்ளே வேகாது.

எங்கள் கூப்பன் நான்கு பேருக்கு. சங்கக்கடைக்குச் சீனி வந்த மாதம் ஒரு கிலோ கிடைத்தது. வராத மாதம் இல்லை. தேத்தண்ணிக்குள் சீனி போட்டதே இல்லை. உள்ளங்கையில் பனங்கட்டியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தோம். ஒரு துண்டை மூன்று பேர் மாற்றி மாற்றி நக்கினோம். அது அருவருப்பாக இருக்கவில்லை.

பத்தாம் திகதி லீவு எடுத்துக் கோயிலுக்குப் போய் வந்தேன்.

கட்டுரையில் என்ன எழுதப் போகிறீர்கள்?

சுலோஜனா

*

சிவமயம்

துன்
04.01.2025

அன்பு மச்சாளுக்கு,

புது வருசம் உமக்கும் பிள்ளைக்கும் நல்லதையே கொண்டுவரட்டும். எனக்கு இருமல் தவிர வேறு குறையில்லை. இங்கே ஏரிக்கரை முழுக்கப் பனி. வெளியே இறங்கப் பயமாக இருக்கிறது.

நீர் எழுதிய அளவுகள் பொன் போன்றவை. சரணியாவுக்கு அப்படியே கொடுத்தேன். கட்டுரையையும் எழுதி முடித்துவிட்டேன். அவள் வாசித்துவிட்டுக் கண் கலங்கினாள். ‘ஆன்ரி, இதைத்தான் முதலாவதாப் போடப்போறன்’ என்றாள். தலைப்பு: ‘மழையில் கரைந்த சீனி’. முக்கியமான இடத்தை உமக்குப் பிரதி பண்ணி அனுப்புகிறேன்:

“தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் முப்பதாம் திகதி. ஒரே நாளில் வலிகாமம் முழுவதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. என் தலையில் இருந்த பையில் எங்கள் குடும்பத்தின் கடைசி ஒரு கிலோ சீனி. நாவற்குழிப் பாலத்தில் மழை பிடித்தது. சீனி கரைந்து என் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்தது. நான் அழுதேன். அன்று என் கண்ணீரும் இனித்தது. மீசாலைப் பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது எங்கள் குடும்பத்திலும் ஒரு குழந்தை வயிற்றோட்டத்தில் தவறியது. அந்தச் சீனி கரையாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைப்பேன்.”

உம்முடைய பேரைப் போடவில்லை. உமக்கு விருப்பமிராது என்று எனக்குத் தெரியும். எப்படி இருக்கிறது என்று எழுதும்.

அன்புடன்
ஜெயமலர்

*

சிவமயம்

துன்
23.02.2025

அன்பு மச்சாளுக்கு,

நீர் சுகமாக இருக்கிறீரா? என் கடிதத்துக்கு ஏழு கிழமையாகப் பதில் இல்லை.

தம்பியின் ஆட்டைத் திவசத்துக்கு வந்த என்னை நீர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐயர் போகும்வரை குசினிக்குள்ளேயே நின்றீர். நான் உள்ளே வந்தபோது குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினீர். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினீர், சுலோ. குரல் இல்லாதவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

கட்டுரை உமக்குப் பிடிக்கவில்லையா? பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கக்கூடாதோ? வேண்டாமென்றால் அந்த வசனத்தை எடுத்துவிடுகிறேன். ஒரு வரி எழுதும், போதும்.

ஜெயமலர்

*

எம்மன்புரூக்கே
09.03.2025

மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறேன்.

கட்டுரையை நான்கு தரம் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது தெரியாமல் இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

போன வருசம் மாசி மாதம் அவர் ஸ்பித்தாலில் கிடந்தபோது, ஒருநாள் மத்தியானம் நான் கரண்டியால் தேத்தண்ணி பருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி குடித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

“சீனி போட்டனியோ?” என்று கேட்டார்.

“ஓம். ஒரு கரண்டி.”

“அந்தச் சீனி கரையேல்லை, சுலோ.”

“எல்லாம் கரைஞ்சிட்டுது, குடியுங்கோ.”

“இதில்லை. மீசாலையில. அது மழையில கரையேல்லை. அக்கா கேக்குக்கு எடுத்தவா. பாஸ் எழுதிறவற்ற மகளின்ர பிறந்தநாளுக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தாதி வந்து வாங்கிக்கொண்டு போனாள். பிறகு அவர் ஐந்து நாள் இருந்தார். அதைப் பற்றித் திரும்பக் கதைக்கவில்லை. சாகிற மனிசனிடம் நானும் கேட்கவில்லை.

ஒரு வருசம் இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லாமலே போயிருப்பேன். நீங்கள்தான் கட்டுரை எழுதினீர்கள். அதில் ‘ஒரு குழந்தை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் பேர் இருந்தது. ஆரணி. ஒரு வயதும் நான்கு மாதமும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உங்களை ‘மீ’ என்று கூப்பிடுவாள். மாமி என்று முழுக்கச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

முகாமுக்கு வந்த தாதி சொன்னது எனக்கு இப்போதும் பாடம். ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மருந்துப் பைக்கற் முடிந்துவிட்டது, சீனி தேடுங்கோ என்று சொன்னாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. உங்களிடம் வந்தேன். ‘கரைஞ்சு போச்சு சுலோ, அண்டைக்கு மழையில எல்லாம் கரைஞ்சு போச்சு’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். உங்களைத் தேற்றினது நான்.

ஒரு கிலோவையும் கேட்கவில்லை. ஆறு தேக்கரண்டிதான் கேட்டேன்.

சுலோஜனா

*

சிவமயம்

துன்
15.03.2025

அன்பு மச்சாளுக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்து மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி எந்த நிலையில் கிடந்தான் என்று உமக்குத் தெரியும். மோர்பின் ஏற்றி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டவன். ஊரில் எங்களுக்கு மாடு இருந்ததாகவும் அதை அவிழ்த்துவிடச் சொல்லியும் கத்தினான். எங்களிடம் எந்தக் காலத்தில் மாடு இருந்தது? அப்படிக் கிடந்தவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்கிறீரே.

சீனி மழையில் கரைந்தது. என் தலையில் இருந்த பை. எனக்குத் தெரியாதா?

கலியாணம் வருகிறது. இந்த நேரத்தில் இதையெல்லாம் கிளற வேண்டாம். நீரும் கஷ்டப்பட்டுவிட்டீர், மனம் நொந்து கிடக்கிறது, எனக்கு விளங்குகிறது. உம்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஜெயமலர்

*

எம்மன்புரூக்கே
30.03.2025

மச்சாளுக்கு,

அந்தப் பையைக் கட்டினது நான். அடியில் சீனி, அதற்கு மேலே மா. இரண்டும் கடதாசிப் பைகளில். உரப்பைக்குள் வைத்து வாயைச் சணலால் கட்டி உங்கள் தலையில் தூக்கி வைத்தேன். என் இடுப்பில் ஆரணி இருந்தாள்.

மீசாலைக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த நாள், அதே பைக்குள் கைவிட்டு எனக்கு இரண்டு சுண்டு மா எடுத்துத் தந்தீர்கள். ரொட்டி சுட்டேன். மா பொருபொருவென்று இருந்தது. ஒரு கட்டிகூட இல்லை. மேலே இருந்த மா நனையாமல் அடியில் இருந்த சீனி எப்படிக் கரைந்தது?

பிறகு ஐந்து கிழமை வெறுந்தேத்தண்ணி குடித்தோம். சீனியை அவசரத்துக்கென்று வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து நான் கேட்கவில்லை. அவசரம் வந்த அன்றைக்குத்தான் கேட்டேன். கரைந்தது என்று சொன்னீர்கள். பிள்ளை மடியில் துவண்டு கிடந்தபோது மா நனைந்ததா இல்லையா என்று யோசிக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருசம் யோசிக்கத் தோன்றவும் இல்லை. அவர் சொன்ன பிறகு ஒரே ஒரு தரம் யோசித்தேன்.

மோர்பினில் கிடந்தவர் சொன்னதை விடுங்கள். ரொட்டி சுட்டவள் நான் சொல்கிறேன்.

கலியாணக் கேக் நீங்கள் செய்ய வேண்டாம். பூம்ப்ளிசில் ஒருவரிடம் சொல்லப் போகிறேன்.

சுலோஜனா

*

துன்
27.04.2025

சுலோஜனாவுக்கு,

மா நனையவில்லை. நீர் சொன்னது சரி.

இதைப் பத்துத் தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

வெளிநாடு போக வேண்டிய கட்டாயம் எனக்கும் தம்பி குகனுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. என் மனிசன் இங்கே ஆறு வருசமாகக் காத்திருந்தார். குகன் அங்கேயே நின்றால் ஆமியோ இயக்கமோ பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்று உமக்குத் தெரியும். இயக்கம் தருகிற பயணப் பாஸ் இல்லாமல் வவுனியாவைத் தாண்ட முடியாது. பாஸ் எழுதுகிறவர் மீசாலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்வீதியில் இருந்தார். மூன்று தரம் போய்க் கேட்டோம். கையை விரித்தார். நான்காம் தரம் அவருடைய மனிசி வெளியே வந்து, எட்டாம் திகதி மகளுக்குப் பிறந்தநாள், இந்த வருசம் பிள்ளைக்கு ஒரு கேக் கூட இல்லை என்று சொன்னா. நான் சுட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். எங்களிடம் சீனி இருந்தது.

ஆரணிக்கு வயிற்றோட்டம் தொடங்கினது டிசெம்பர் ஏழாம் திகதி பின்னேரம். நான் சீனி அளந்தது எட்டாம் திகதி காலமை, நீர் காணாமல் பக்கத்து வளவில். அதை மறைக்க மாட்டேன். எனக்குத் தெரியும். பக்கத்தில் குகன் நின்றான். அவனுக்கும் தெரியும்.

“அக்கா, பிள்ளைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பமோ?” என்று கேட்டான்.

“எடுத்துக் குடுத்தா மிச்சத்தையும் சுலோ கேப்பா. பிறகு கேக்கும் இல்லை, பாஸும் இல்லை. வயித்தோட்டம்தானே, கஞ்சித்தண்ணியில நிண்டிடும்” என்று சொன்னேன்.

அவன் தகரத்தின்மேல் தணல் அள்ளிப் போட்டான். கேக் ஆறின பிறகு அவன்தான் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனான். கேக்குக்குப் போக மிச்சம் இருந்த சீனியையும் அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்தான். திருப்பிக் கொண்டுவந்தால் நீர் கண்டுவிடுவீர் என்று அவனே யோசித்தான்.

அன்றைக்குப் பின்னேரம்தான் நீர் என்னிடம் வந்து சீனி கேட்டீர். அந்த நேரம் உண்மையாகவே என்னிடம் ஒரு மணி சீனியும் இல்லை. நான் அழுதது நடிப்பில்லை.

பத்தாம் திகதி பிள்ளை போனாள். பன்னிரண்டாம் திகதி பாஸ் வந்தது. இரண்டு பாஸ்.

அந்தப் பாஸில்தான் குகன் சுவிசுக்கு வந்தான். அவன் வந்தபடியால்தான் நாலு வருசத்தில் உம்மைக் கூப்பிட்டான். கீர்த்தனன் இங்கே பிறந்தான். இதை உமக்கு நோக வேண்டும் என்று எழுதவில்லை. பொய். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன். முப்பது வருசம் நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் சாகிறபோது என் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் உமக்குக் கேக் அனுப்பினேனே, என்ன நினைத்து அனுப்பினேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீர் ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

ஜெயமலர்

*

எம்மன்புரூக்கே
22.06.2025

மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் எட்டுக் கிழமையாக அரிசி வாளிக்குள் கிடக்கிறது. கீர்த்தனனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது அவனுடைய அப்பா. சனிக்கிழமைகளில் மேசையில் மாவைப் பரப்பி அதில் விரல் பிடித்து எழுதப் பழக்கினார்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திராது. எட்டாம் திகதி பின்னேரம் அவர் சைக்கிளில் திரும்பி வந்தபோது ஒரு கடதாசியில் ஒரு துண்டுக் கேக் சுற்றிக்கொண்டு வந்தார். “ஆரோ தெரிஞ்ச ஆக்கள் தந்தவை. பிள்ளைக்குப் பால் குடுக்கிறனி, நீ சாப்பிடு” என்றார். இரண்டு நாள் பட்டினி. சாப்பிட்டேன். அவர் முன்னால் இருந்து, முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அன்பான மனிசன் என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகு பிரச்சினை வரும்போதெல்லாம் அந்தப் பின்னேரத்தை நினைத்துத்தான் அவரை மன்னித்திருக்கிறேன்.

இப்போதும் அவருடைய படத்துக்கு விளக்கு வைக்கிறேன். வைக்காவிட்டால் கீர்த்தனன் ஏன் என்று கேட்பான்.

கேட்கத்தான் செய்கிறான். மாமியின் கேக் வேண்டாம் என்று சொன்னதற்கு, “ஏனம்மா?” என்றான். எனக்கு நீரிழிவு, டொக்டர் இனிப்பு வேண்டாம் எண்டவர் என்று சொன்னேன். “கலியாணத்துக்கு வாற முந்நூறு பேருக்கும் நீரிழிவோ?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “அக்கா எப்பிடியம்மா செத்தவா? அப்பாவும் ஒருநாளும் சொன்னதில்லை” என்று கேட்டான். வயிற்றோட்டம் என்றேன். தடைக்காலம், மருந்து இல்லை என்றேன். சீனி இருந்தது, மழையில் கரைந்து போச்சு என்றேன். அந்தச் சொல் என் வாயில் அவ்வளவு லேசாக வந்தது. கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தான்.

சரணியா மே மாதம் வீட்டுக்கு வந்தாள். கேக் செய்முறை ஒன்று சொல்லுங்கோ ஆன்ரி என்றாள். ஆறு தேக்கரண்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். “இது மருந்தெல்லோ?” என்றாள். தடைக்காலத்தில் நான் செய்ய நினைத்த சமையல் அது ஒன்றுதான் என்று சொன்னேன். போடுவாளோ தெரியாது.

ஓகஸ்ட் முப்பதாம் திகதி, பூம்ப்ளிசில் மண்டபம். அழைப்பிதழ் வரும். நீங்கள் வராவிட்டால் சனம் கதைக்கும், அவன் தேடுவான். வாருங்கள். முன்வரிசையில் உங்களுக்குக் கதிரை இருக்கும். அவனும் லக்சாயினியும் காலில் விழுவார்கள். ஆசீர்வாதம் செய்யுங்கள். கேக் கொண்டுவர வேண்டாம். என்னோடு கதைக்க வேண்டாம்.

அவனுக்கு அவனுடைய அப்பா நல்லவராகவே இருக்கட்டும். உங்களுக்காக இல்லை, அவருக்காகவும் இல்லை. இனி அப்பா வேண்டும் என்று அவன் எங்கே போவான்?

சுலோஜனா

*

துன்
20.07.2025

சுலோஜனாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்தத் துண்டுக் கேக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சரணியாவிடம் என் கட்டுரையைப் போட வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன். காரணம் கேட்டாள். வயது போட்டுது, நடந்ததும் நடக்காததும் கலந்துவிடுகிறது என்று எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனனும் லக்சாயினியும் காரில் இங்கே வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அவன் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினான். பிறகு சொன்னான்: “மாமி, கலியாணக் கேக் நீங்கள்தான் செய்யவேணும். அம்மா வேண்டாமெண்டு சொல்லுறா. ஏனெண்டு சொல்லுறா இல்லை. உங்களுக்குக் குரல் இல்லாத நேரம் கஷ்டப்படுத்தக்கூடாதெண்டு நினைக்கிறா போல. அப்பா இருந்தா உங்கட கேக் இல்லாமக் கலியாணம் நடக்க விட்டிருப்பாரோ?”

நான் தலையை ஆட்டினேன். வேறு எதை ஆட்ட?

வேண்டாமென்றால் நீரே அவனுக்குக் காரணம் சொல்லும். உண்மையான காரணத்தைச் சொன்னாலும் நான் எதிர்த்து ஒன்றும் எழுத மாட்டேன். ஓகஸ்ட் முதலாம் திகதிவரை உம்முடைய பதிலைப் பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு பிளம்ஸ் ஊறப் போட வேண்டும்.

ஜெயமலர்

*

எம்மன்புரூக்கே
07.09.2025

மச்சாளுக்கு,

வீடு திரும்பிச் சுகமாகச் சேர்ந்தீர்கள் என்று கீர்த்தனன் சொன்னான்.

ஓகஸ்ட் முதலாம் திகதிவரை நான் பதில் எழுதவில்லை. பேனா எடுத்து இருந்தேன். உங்களைத் தடுக்க ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணம் அவனுடைய அப்பா. அதைக் கலியாணத்துக்கு நான்கு கிழமை இருக்கும்போது அவன் கையில் கொடுக்க முடியவில்லை. நான் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்துதான் நீங்களும் அப்படி எழுதினீர்கள்.

மூன்று அடுக்கு. மண்டபத்துக்குள் கொண்டுவந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். வெட்டின பிறகு அவன் முதல் துண்டை லக்சாயினிக்குக் கொடுத்தான். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “அம்மா, ஆ காட்டுங்கோ. இண்டைக்கு ஒருநாளைக்கு டொக்டர் ஒண்டும் சொல்லமாட்டார்.” பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. இரண்டு கமரா, ஒரு வீடியோ. நீங்கள் முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்து நின்றீர்கள்.

வாயைத் திறந்தேன். வைத்தான். துப்ப இடமில்லை. மென்று விழுங்கினேன். நன்றாக இருந்தது. நீங்கள் செய்ததிலேயே அதுதான் நல்லது. என் நாக்கு அதை எனக்குச் சொன்னபோது அந்த நாக்கை அறுத்து எறிய வேண்டும் போல் இருந்தது.

பிறகு நீங்கள் நடந்து வந்து என் தோளில் கை வைத்தீர்கள். ஏதோ சொல்ல வாயை அசைத்தீர்கள். சத்தம் வரவில்லை. என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது, எழுதி அனுப்பவும் வேண்டாம். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உங்களைக் கட்டிப்பிடித்தேன். ‘தம்பி பெண்சாதியும் மச்சாளும் எப்பிடி ஒற்றுமை’ என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

படம் எடுப்பவர் அதை எடுத்திருக்கிறார். நாங்கள் இருவரும் சிரிக்கிறோம். என் உதட்டோரம் ஒரு தூள் கேக் ஒட்டியிருக்கிறது. இருக்கிற படங்களுக்குள் கீர்த்தனனுக்குப் பிடித்தது அதுதான். நேற்றுப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, வரவேற்பறையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அவனே ஆணி அடித்து மாட்டினான். “அப்பா பாத்துச் சந்தோசப்படுவார்” என்றான்.

இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம். கேக்கும் வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள், அவன் உங்கள் மருமகன். இந்த வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி ஊற்றித் தருவேன். அவன் முன்னால் சிரித்துக் கதைப்பேன்.

காலையில் நாற்காலியில் ஏறி அந்தப் படத்தில் கை வைத்தேன். பிறகு கீழே இறங்கிவிட்டேன். கழற்றினால் ஏன் என்று கேட்பான்.

சுலோஜனா